உயிர்வளி உணரி வந்த வழி

பழைய மகிழுந்து வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் சொற்களுள் ‘ஆக்சிஜன் சென்சார்’ என்பதும் ஒன்று. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்ரோல் வழக்கத்தினும் மிகுதியாகச் செலவாகிறது. உணரி கெட்டுவிட்டது, மாற்றவேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். அது என்ன பொருள், எதற்காக அங்கே வந்தது என்று கேட்போர் சிலரே. கேட்டால், ஒரு நூற்றாண்டு வரலாறு அதன் பின்னே நிற்பதைக் காணலாம்.

அவ்வரலாறு மகிழுந்தில் தொடங்கவில்லை, விளக்கில் தொடங்குகிறது. செருமனி நாட்டு அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட், செறிவு வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் பிறக்கும் முறையை 1889இல் ஒரு சமன்பாடாக வகுத்தார். பத்தாண்டு கடப்பதற்குள், சிர்க்கோனியம் ஆக்சைடுடன் இட்ரியம் ஆக்சைடு கலந்து சுட்ட பீங்கான் கோலைக் கொண்டு ஒரு மின்விளக்கையும் செய்தார். அக்கோலுக்கு விந்தையான ஓர் இயல்பு உண்டு. குளிர்ந்திருக்கையில் அதனுள் மின்சாரம் செல்லாது. சூடேறிய பின்னரே செல்லும். ஆகவே அவ்விளக்கை ஏற்றுமுன் கோலை வேறு வெப்பத்தால் காய்ச்ச வேண்டியிருந்தது. உலோக இழை விளக்குகள் பெருகியதும் அது வழக்கொழிந்தது. சூடான அப்பீங்கானுள் மின்னைச் சுமந்து செல்பவை உயிர்வளி அயனிகளே என்பதைக் கார்ல் வாக்னர் 1943இல் விளக்கினார். ஒருவரே கண்ட சமன்பாடும் பீங்கானும் ஒரு நாள் மகிழுந்தின் புகைக்குழாயில் ஒன்றுசேரும் என்று அன்று யார் எண்ணியிருப்பர்?

அவற்றைச் சேர்த்துவைத்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டம். 1940களில் அந்நகர மக்கள் கண்ணெரிச்சலால் வருந்தினர். ஒல்லாந்தில் பிறந்த வேதியியலார் ஹாகன்-ஸ்மித், அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், இம்மூட்டத்தின் பக்கம் திரும்பினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபட்டு ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். காற்றிலுள்ள ஓசோனை அளக்க அன்று பயன்பட்ட எளிய பொருள் எது தெரியுமா? ரப்பர்! வளைத்து இழுத்துவைத்த ரப்பர்த் துண்டில் வெடிப்புத் தோன்றும் விரைவைக்கொண்டு ஓசோனின் அளவை மதிப்பிட்டனர். ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நம்மவர்க்கு இச்செய்தி தனிச்சுவை தரும்.

1970இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், புதிய மகிழுந்துகளின் நச்சுப்புகையைத் தொண்ணூறு விழுக்காடு குறைக்கப் பணித்தது. 1975ஆம் ஆண்டு வண்டிகளில் பிளாட்டினம் முதலியவை பூசிய வினையூக்கிப் பெட்டி வந்தது. மூவகை நச்சையும் ஒருசேர அகற்ற வேண்டுமாயின், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்னும் எடை அளவு பிறழலாகாது. அதனைக் காக்க ஒரு காவலன் தேவைப்பட்டான். செருமனியின் போஷ் நிறுவனம் செய்த ‘லாம்டா’ உணரி 1976இல் அமெரிக்காவுக்குச் சென்ற வால்வோ வண்டிகளில் முதன்முதல் இடம்பெற்றது. விரலுறை போன்ற சிர்க்கோனியாப் பீங்கான். வெளிப்புறம் புகை, உட்புறம் தூய காற்று. புகையில் உயிர்வளி குன்றினால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டு, மிகுந்தால் 0.1 வோல்ட்டு. அதைக் கண்டு கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நெர்ன்ஸ்டின் கோலைப் போலவே இதற்கும் சூடு வேண்டும். ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்குக் கீழே இது வாய் திறவாது. 1982இல்தான் உள்ளேயே சூடேற்றி அமைந்த உணரி வந்தது.

நம் பகுதிக்கு இது தாமதமாகவே வந்தது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா கார்ப்புரேட்டர் வண்டி. அதில் உணரிக்கு வேலையில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் உணரிக்கும் வினையூக்கிக்கும் நஞ்சு. சிங்கப்பூர் அந்தப் பெட்ரோலை 1998 சூலை முதல் நாளோடு நிறுத்தியது.

இனிப் பழுதுக்கு வருவோம். இலங்கை வேந்தன் அவையில் தூதுவனைக் கொல்லலாகாது என்றுரைத்த வீடணனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். புகைக்குழாயில் உணரிக்கு முன்னே ஒரு வெடிப்பு. அதன் வழி வெளிக்காற்று உட்புகுகிறது. உணரி ‘உயிர்வளி மிகுதி’ என்கிறது. கணினி அதை நம்பிப் பெட்ரோலை மேலும் ஊற்றுகிறது. தீப்பொறி தவறும் மெழுகுத்திரி போன்ற ‘பிளக்’கும் அதே மயக்கத்தைத் தரும், எரியாத கலவையின் உயிர்வளி அப்படியே வெளியேறுகிறதன்றோ? உணரி தான் கண்டதையே சொன்னது. ஆனால் விலை கொடுத்து மாற்றப்படுவது அதுவே. சில நாளில் விளக்கு மீண்டும் எரியும்.

மெய்யாகவே உணரி சாவதும் உண்டு. இயந்திரம் எரிக்கும் எண்ணெய், கசியும் குளிர்நீர், சிலிக்கோன் பசையின் ஆவி ஆகியவை அதன் முனையை மூடிவிடும். முதுமையும் அதனை மந்தமாக்கும். இயந்திரம் நன்கு சூடான பின், மின்னளவியை அதன் குறிக்கம்பியில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நல்ல உணரியின் அளவு 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாது ஊசலாடும். ஓரிடத்தில் உறைந்து நின்றால், குழாயையும் பிளக்கையும் சோதித்த பிறகு மாற்றலாம். பழைய வண்டிகளில் ஒற்றைக் கம்பி உணரியும், பின்வந்தவற்றில் மூன்று அல்லது நான்கு கம்பி உணரியும் இருக்கும். கம்பிகளை எண்ணிப் பார்த்தே கடையில் கேட்கவேண்டும்.