காசநோய்ச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதங்கள்

காசநோய் குணப்படுத்தக்கூடிய நோய் என்பது இன்று யாவரும் அறிந்த உண்மையாகும். எனினும், ஒரே மருந்துகளை உட்கொள்ளும் இருவரில் ஒருவர் விரைவாகத் தேறுவதும் மற்றவர் பின்தங்குவதும் ஏன் என்பது பலருக்கு விளங்குவதில்லை. இறத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களிலிருந்து உக்குவளை, தம்புள்ளை வரை பல்வேறு தொழில்புரியும் மக்கள் வாழும் மாத்தளை மாவட்டத்தில் இதனை அறிந்திருப்பது அவசியமாகும்.

வழமையான சிகிச்சை 6 மாதங்களைக் கொண்டது. முதல் 2 மாதங்கள் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எத்தம்பியூட்டோல் ஆகிய 4 மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் ஐசோனியசிட்டும் ரிபாம்பிசினும் வழங்கப்படுகின்றன. நுரையீரல் காசநோயாளரின் சளி இரண்டாம் மாத முடிவில் மீண்டும் பரிசோதிக்கப்படும். அப்போதும் கிருமி காணப்படுமாயின் அதற்கான காரணத்தை ஆராய வேண்டும்.

நாட்பட்ட இருமலைப் பொருட்படுத்தாது காலந்தாழ்த்தி வருவோரின் நுரையீரலில் கிருமிகள் பெருகி, குழிகளும் ஏற்பட்டிருக்கக்கூடும். இத்தகையோரின் சளி தூய்மையடையத் தாமதமாகும். கட்டுப்பாடற்ற நீரிழிவு, புகைத்தல், மதுப்பழக்கம், எச்.ஐ.வி. தொற்று, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்பனவும் தடைகளாகும். எனவே காசநோயாளர் ஒவ்வொருவரும் இரத்தத்தில் சீனியின் அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்திலும் முதன்மையானது மருந்தை ஒழுங்காக உட்கொள்வதாகும். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தின் ஆய்வு, நெருக்கமான வீடுகளில் குறைந்த உணவுடன் இருந்தோரும் மருந்தை முறையாக உட்கொண்டபோது, சானட்டோரியத்தில் தங்கியோருக்கு நிகராகக் குணமடைந்ததை 1959இல் எடுத்துக்காட்டியது. இதனால் உணவு முக்கியமற்றது எனக் கருதலாகாது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், போஷாக்கு உதவி பெற்ற நோயாளருள் முதல் 2 மாதங்களில் எடை கூடியோரிடையே மரண ஆபத்துக் குறைந்திருந்தமை தெரியவந்தது.

அரச மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. ஆனால் நாட்சம்பளத்தை இழந்து, பஸ் கட்டணமும் செலுத்தி வருவது தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று. ஆகவே வசிப்பிடத்துக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையிலேயே மருந்தை உட்கொள்ள ஒழுங்கு செய்யுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ரமழான் காலத்தில் முஸ்லிம் நோயாளர் தாமாகவே மருந்தை நிறுத்துதல் ஆகாது. நோயுற்றோர் நோன்பைப் பிற்போட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கம் சலுகை அளித்துள்ளது. மருந்து வேளையை மாற்றுவதாயினும் வைத்தியரின் ஆலோசனை தேவை.

ரிபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது இயல்பே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி, பார்வை மங்குதல் போன்றவை தோன்றின் உடனடியாக வைத்தியரை நாட வேண்டும்.

சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து, இருமல் குறைந்து, பசியும் திரும்பும். பலர் மருந்தைக் கைவிடுவது இவ்வேளையில்தான். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகவும், மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறவும் இது வழிவகுக்கும். முறையான சிகிச்சை தொடங்கியபின் நோய் பிறருக்குத் தொற்றும் அபாயம் விரைவில் குறைவதால், நோயாளரை ஒதுக்கிவைக்காது 6 மாதங்களும் துணைநிற்பது குடும்பத்தாரதும் அயலாரதும் கடமையாகும்.