எழுந்து நில்! – 6: கட்டளை போகாத கால்கள்

சென்ற வாரம், வேலூர் அருகே 1954-இல் விபத்துக்குள்ளான வண்டியோடு டாக்டர் மேரி வர்கீஸை விட்டுவந்தோம். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் முதுகுத்தண்டு முறிந்து, கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவராக வளர்ந்துகொண்டிருந்தவர் அவர். கால் போனால் கத்தியும் போயிற்று என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் அப்படி நினைக்கவில்லை. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்றார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியை எடுத்தார். பிறகு பெர்த்துக்கும் நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பலன். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் நிற்பவர்களுக்கு இப்படியொரு விபத்து பழங்கதை இல்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் முருகனைப் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வண்டி தடுமாறினால் போதும், முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ 108 பறக்கும். கழுத்தோ முதுகோ அடிபட்டவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடக்கித் தூக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வையுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

சரி, முதுகுத்தண்டு முறிந்தவரின் கால்களுக்கு என்ன ஆகிறது? அவை சாவதில்லை. வழியில் மின்கம்பம் சாய்ந்தால் ஊர் இருண்டுவிடும். வீட்டுக்குள் ஒயரிங் கெட்டிருக்காது. முறிவுக்குக் கீழே தண்டுவட நரம்பணுக்கள் பிழைத்திருந்தால், தசை கட்டளைக்குக் காத்துக் கிடக்கிறது; அந்தக் கட்டளையை வெளியிலிருந்து மின்சாரமாகக் கொடுக்கலாம். அந்த அணுக்களே அழிந்திருந்தால் மட்டும் இந்த வழி பலிக்காது.

1960-ஐ ஒட்டி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கால் செயலிழந்த ஒருவரின் தொடையிலும் பிட்டத்திலும் மின்தகடுகளை ஒட்டினார் ஏட்ரியன் காண்ட்ரோவிட்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவர் இவர்தான். மின்சாரம் பாய்ந்தது, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

சில நிமிடங்கள்தான். உடம்பு தானாக நிற்கும்போது சோர்வறியாத சிறு தசைநார்களை முதலில் அழைக்கும், முறைவைத்து ஓய்வும் கொடுக்கும். வெளியிலிருந்து வரும் மின்சாரமோ சட்டென்று களைக்கும் பெரிய நார்களை ஒரே நேரத்தில் உலுக்கிவிடும்.

கிளீவ்லேண்ட் ஆய்வாளர்கள் மின்முனைகளைத் தோலுக்கு உள்ளேயே பதித்தார்கள். முன்தொடை, பின்தொடை, பிட்டம், முதுகு என எட்டுத் தடங்கள். தோலைத் துளைத்து ஒரு கம்பியும் வெளியே வராது. வெளியே வைத்த சுருள் ரேடியோ அலையால் சக்தியும் கட்டளையும் அனுப்பும். வாக்கரைப் பிடித்து எழுந்து, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தானே மாறலாம். தூக்கிவிட ஆள் வரட்டும் என்று காத்திருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

2009 டிசம்பர், லூயிவில். கார் மோதிக் கால்கள் செயலிழந்த பேஸ்பால் வீரர் ராப் சம்மர்ஸ் அறுவை மேசையில் படுத்திருந்தார். இம்முறை தசைப்பக்கமே போகவில்லை. வலி குறைக்கப் பயன்பட்டுவந்த ஒரு கருவியின் 16 மின்முனைகளை, முறிவுக்குக் கீழே தண்டுவடத்தின் உறைமேல் வைத்தார்கள். சில நாளில் சம்மர்ஸ் நின்றார். அதற்கு, ஆய்வை நடத்திய சூசன் ஹார்கெமா குழுவிடம் விளக்கம் இருந்தது: பாதம் தரையில் பதியும் உணர்வைத் தண்டுவடமே வாங்கிக்கொண்டு, மூளையைக் கேட்காமல் காலை நிமிர்த்துகிறது.

சில மாதங்கள் சென்றன. ஒரு நாள், மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சம்மர்ஸ் தன் கால் கட்டைவிரலை அசைக்க நினைத்தார்.

அசைந்தது.

அதைக் குழுவில் எவரும் எதிர்பார்க்கவில்லை. மூளையிலிருந்து இறங்கும் பாதை அற்றுப்போனதாகச் சோதனைகள் சொல்லியிருந்த உடம்பு அது. அப்படியானால் அந்தக் கட்டளை எந்த வழியாகக் கீழே வந்தது?

(தொடரும்)