டீசல் வண்டி வாங்கப் போறீங்களா? எச்.பி.யை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

திண்டுக்கல்:

ஒரு காலத்தில் தறிச் சத்தம் மட்டுமே கேட்ட நாகல்நகரில் இப்போது டீசல் வண்டிகளின் உறுமல்தான் அதிகம். தண்ணீர் டேங்கர் இழுக்கும் டிராக்டர், செங்கல், ஜல்லி ஏற்றிய டிரெய்லர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓடும் மினி வேன் என்று பாரம் இழுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

இவர்களில் பலர் நகையை அடகு வைத்தும், பைனான்சில் தவணை கட்டியும் வண்டி வாங்குகிறார்கள். ஷோரூமில் "இது எத்தனை எச்.பி.?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். வண்டி சமதரையில் பறக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவிலோ, வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையிலோ ஏற்றினால் புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் கிளட்ச் செலவு, வாடகை நஷ்டம், தவணை பாக்கி என்று தலைவலிதான்.

எச்.பி. என்றால் என்ன?

எச்.பி. என்றால் குதிரை சக்தி. சிறுமலைத் தோட்டங்களில் இருந்து வாழைத்தார், எலுமிச்சை மூட்டைகளைக் குதிரை சுமந்து வருவதை நம் ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் வாட், தன் நீராவி என்ஜின் எத்தனை குதிரை வேலையைச் செய்யும் என்று வாங்குபவர்களுக்குப் புரியவைக்கவே இந்தக் கணக்கைக் கொண்டு வந்தார். 75 கிலோ எடையை ஒரே வினாடியில் 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது 1 எச்.பி.

ஆனால் எச்.பி. சொல்வது, வேலை எவ்வளவு வேகத்தில் முடியும் என்பதைத்தான். பாரத்தை அசைப்பது வேறொன்று. அதற்குப் பெயர் முறுக்கு விசை. ஆங்கிலத்தில் டார்க். நம்ம ஊர் டிரைவர்கள் பாஷையில் 'புல்லிங்'. 'வண்டியில புல்லிங் பத்தலை' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். கம்பெனி நோட்டீசில் இது நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் இருக்கும்.

80 எச்.பி. பெட்ரோல் கார் அந்த சக்தியைக் காட்ட நிமிஷத்துக்கு 6 ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். 45 எச்.பி. டிராக்டர் 2 ஆயிரம் சுற்றிலேயே முழு சக்தியையும் கொடுத்துவிடும். அதனால்தான் எச்.பி. குறைவாக இருந்தும் டிராக்டர் பாரத்தை அசால்டாக இழுக்கிறது.

டீசல் ஏன் இழுக்கிறது?

ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய என்ஜின் இது. இதில் பிளக் கிடையாது. காற்றைப் பெட்ரோல் என்ஜினை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. அதனால் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல உதை கிடைக்கிறது. எண்ணெயும் மிச்சம்.

சமதரைக்கு 9, மலைக்கு 39!

டிராக்டர் 2 டன், பாரத்தோடு டிரெய்லர் 4 டன், மொத்தம் 6 டன் என்று வைத்துக் கொள்வோம்.

சமதரையில் 1 டன்னை உருட்ட சுமார் 20 கிலோ இழுவை போதும். 6 டன்னுக்கு 120 கிலோ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரத்துக்கு வேண்டியது வெறும் 9 எச்.பி.

அதே வண்டி 15 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் ரோட்டில் ஏறினால் இழுவை 520 கிலோவாகக் கூடும். அதே 20 கி.மீ. வேகத்துக்கு 39 எச்.பி. தேவை. அதாவது 4 மடங்குக்கும் மேல்!

45 எச்.பி. டிராக்டர் என்றாலும் கியர் பாக்சிலும் டயரிலும் கொஞ்சம் வீணாகி, சக்கரத்துக்கு வருவது 38 எச்.பி.க்குள்தான். ஆகவே அந்த ஏற்றத்தில் 20 கி.மீ. வேகம் கனவு. லோ கியரில் 10 கி.மீ. வேகத்தில் போனால் 19 எச்.பி.யே போதும். மலைக்கு வாங்குபவர்கள் முதல் கியரும் இரண்டாவது கியரும் எவ்வளவு மெதுவாக, பலமாக இழுக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மினி வேனுக்கும் இதே கதை. 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் 702 சி.சி., 16 எச்.பி. அதற்கான பாரம் 750 கிலோ. அந்த அளவோடு இந்த ஏற்றத்தில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறிவிடும். பேராசைப்பட்டு ஒன்றரை டன் ஏற்றினால் வேகம் 18 கி.மீ.க்கு இறங்கிவிடும். ரேடியேட்டர் கொதிக்கும், கிளட்ச் வாடை அடிக்கும். ஒன்றரை டன் தினமும் ஏற்றுகிறவர் 2,523 சி.சி., 75 எச்.பி., 200 நியூட்டன் மீட்டர் உள்ள பொலேரோ பிக்கப் ரகத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

மேலே போனால் மூச்சு வாங்கும்

கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரம். அங்கே காற்று லேசாகிவிடும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கிறது. கொடைக்கானல் போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ உள்ள என்ஜின் காற்றை உள்ளே தள்ளிக் கொடுப்பதால் இந்த இழப்பைப் பெருமளவு சரிக்கட்டும்.

தண்ணி டிராக்டர் உஷார்!

ஆயிரம் லிட்டர் தண்ணீர் 1 டன். 5 ஆயிரம் லிட்டர் டேங்கர் என்றால் தண்ணீர் 5 டன், டேங்கும் டிரெய்லரும் சேர்ந்து ஒன்றரை டன். மொத்தம் ஆறரை டன்னை 2 டன் டிராக்டர் இழுக்கிறது. லோ கியரில் 36 எச்.பி. டிராக்டரே இழுத்துவிடும். ஆனால் நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால் அந்த ஆறரை டன்னும் பின்னால் இருந்து டிராக்டரைத் தள்ளும். திருப்பத்தில் டிராக்டர் குறுக்கே மடங்கிக் கவிழ்ந்துவிடும். டேங்க் பாதி காலியாக இருந்தால் இன்னும் ஆபத்து. பிரேக் போட்டதும் தண்ணீர் முன்னால் பாய்ந்து இடிக்கும். டேங்க் உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டிரெய்லரைக் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். ஆக்சிலுக்கு மேலே உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் டிரைவர் மேலேயே கவிழும்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது.

புதுசா? பழசா?

2020 ஏப்ரல் முதல் புது வேன், லாரிகளுக்கு பி.எஸ்.-6 விதி வந்துவிட்டது. பல மாடல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர் இருக்கும். தெருவுக்குத் தெரு மெதுவாகவே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நாலுவழிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் கரி எரிந்துவிடும்.

டிராக்டரில் 50 எச்.பி.க்கு மேல் உள்ளவற்றுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசு விதி அமலானது. அதற்காக கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு டீசல் பம்பு வந்ததால் விலையும் கூடிவிட்டது. சாதாரணப் பட்டறையில் பழுது பார்ப்பதும் கஷ்டம். தேவை இல்லாமல் 50-ஐத் தாண்ட வேண்டாம்.

பழைய வண்டி என்றால் புகையைப் பாருங்கள். பாரம் இழுக்கும்போது கறுப்புப் புகை அதிகம் வந்தால் காற்று பில்டர் அல்லது பம்பு கோளாறு. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் விலகிவிடுவது நல்லது.

கேரவனுக்கும் இதே கணக்கு

சினிமா ஷூட்டிங்கில் பார்க்கிற கேரவன் இப்போது சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. கேரளா 2021-ல் இதற்கென்றே தனித் திட்டம் கொண்டு வந்தது. படுக்கை, ஏ.சி., பிரிட்ஜ், ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க் எல்லாம் எடைதான். பின்னால் ஒரு ஜீப்பையும் கட்டி இழுத்தால் அதன் எடையையும் கூட்டித்தான் என்ஜினைத் தேர்வு செய்ய வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்...

* தினமும் ஏற்றும் பாரத்தை எடை மேடையில் போட்டுப் பாருங்கள். கண் திட்டம் வேண்டாம்.

* நீங்கள் ஓடும் ரோட்டிலேயே மோசமான ஏற்றம் எதுவோ, அதற்குத் தகுந்த என்ஜின் வாங்குங்கள்.

* எச்.பி.யோடு நியூட்டன் மீட்டர் எத்தனை, அது எத்தனை சுற்றில் வருகிறது என்று கேளுங்கள். குறைந்த சுற்றில் அதிகம் வந்தால் நல்லது.

* காலி வண்டியில் டிரையல் பார்த்து ஏமாறாதீர்கள். பாரத்தோடு ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள்.

* ஆர்.சி. புக்கில் உள்ள எடையைத் தாண்டாதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம். ஒரே நாளில் மாதத் தவணையே போய்விடும்.

* விவசாயத்துக்கு என்று பதிவான டிராக்டரை வாடகைக்கு விட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணம் சிக்கலாகிவிடும். முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

மலை ஏறுவதற்கு என்ஜின் வேண்டும். பத்திரமாக இறங்கி வீடு வந்து சேர பிரேக் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம் என்பதை ஷோரூமில் உட்காரும்போதே ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்!