செயினுக்குள் ஒரு புஷ்

மான்செஸ்டரில் பஞ்சாலைகள் ஓய்வில்லாமல் ஓடிய காலம். அந்த ஆலை இயந்திரங்களுக்குச் செயின் செய்து கொடுத்த சிறிய பட்டறை ஒன்று பக்கத்து சால்ஃபோர்டில் இருந்தது. ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவருடையது. 1879ல் அதை விலைக்கு வாங்கினார் ஹான்ஸ் ரெனோல்ட். சுவிட்சர்லாந்தின் ஆராவ் ஊர்க்காரர், முப்பதைத் தொடாத வயது, மான்செஸ்டருக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. பட்டறையோடு சேர்த்து, செயின் சீக்கிரம் தேய்ந்து போகிறது என்ற பழைய தலைவலியையும் அவர் வாங்கிக்கொண்டார்.

அக்காலத்துச் செயினில் இரண்டு பக்கமும் பிளேட், குறுக்கே ஒரு பின். பிளேட்டின் துளைக்குள் பின் திரும்ப வேண்டும். இழுவை முழுவதையும் தாங்குவது அந்தத் துளையின் விளிம்பு. விளிம்பின் அகலமோ பிளேட்டின் தடிப்பு மட்டும்தான். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு பாரம் உராய்ந்தால் துளை நீளத்தான் செய்யும். ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழையளவு நீண்டாலும், மொத்தச் செயினில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும்.

1880ல் ரெனோல்ட் காப்புரிமை பெற்ற மாற்றம் மிகச் சிறியது. உள்பக்கப் பிளேட் இரண்டையும் ஒரு குட்டிக் குழாயால் இணைத்தார். அதுதான் புஷ். பின் இனி விளிம்பில் உராய வேண்டியதில்லை. குழாயின் முழு நீளத்துக்கும் பாரம் பரவிவிடுகிறது. குழாய்க்கு வெளியே ஒரு ரோலர் சுற்றும். சக்கரத்தின் பல்லில் அது உருண்டு ஏறி உருண்டு இறங்கும். செயினால் இயந்திரம் ஓட்டும் யோசனை ரெனோல்டுடையது அல்ல. பைசாந்தியத்துப் பிலோன் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே செயினால் இயங்கும் அம்பெறி பொறியைப் பற்றி எழுதியிருக்கிறார். சீனத்து சூ சொங்கின் 11ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டில் செயின் ஓடியது. டாவின்சியின் குறிப்பேட்டிலும் செயின் படங்கள் உண்டு. ஆனால் நாள் முழுக்க வேகமாக ஓடியும் தாங்கும் செயின், அந்தக் குட்டிக் குழாய்க்குப் பிறகுதான் கைக்கு வந்தது என்பது என் கட்சி.

ஐந்து வருடத்தில், 1885ல், ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குச் செயின் போட்ட சைக்கிள். அதற்குப் பிறகு செயினுக்கு உலகமெல்லாம் கிராக்கி. ரெனோல்டின் பெயர் பின்னாளில் தமிழ்நாடு வரை வந்தது: 2008ல் கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் தொழிற்சாலைச் செயின் பிரிவில் பெரும்பங்கை ரெனோல்ட் கம்பெனி வாங்கியது.

கார் எஞ்சினுக்குள் இந்தச் செயின் புகுந்தபோது அதற்குக் கிடைத்தது பொறுப்பான உத்தியோகம். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். வால்வு திறப்பதும் மூடுவதும் அந்தக் கணக்கில்தான். கணக்கைக் காப்பாற்றுவது டைமிங் செயின். இலங்கையில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர்களின் ஏ சீரிஸ் எஞ்சினில் அது 3/8 அங்குல இடைவெளியில் 52 கண்ணிகள் கொண்ட ஒரு வளையம். கைக்குள் அடங்கிவிடும்.

மொரிஸ் மைனரும் சுதந்திர இலங்கையும் ஒரே வயது. இரண்டும் 1948ல் பிறந்தவை. 1952ல் அந்தக் காருக்கு 803 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் வந்தது. 1956ல் 948, 1962ல் 1098. இங்கிலாந்தில் உற்பத்தி 1971ல் நின்றது. இங்கேயோ அது சாகவில்லை, சாக விடவுமில்லை. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுக் கார் என்பது கனவு. 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்று, தனியார் கார்களுக்கு 2025ல்தான் திறந்தது. ஒவ்வொரு முறை கதவு சாத்தப்படும்போதும் பழைய காருக்கு மவுசு ஏறும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், இலங்கையில் கூட்டாளி சேர்ந்து, இங்கே கையால் அடித்த உதிரிப்பாகங்களை அங்கே கொண்டுபோய் விற்றார். பிறந்த வீட்டுக்குப் புகுந்த வீட்டிலிருந்து சீர் போனது.

தம்புள்ளையிலிருந்து ஹபரணை போகும் ஏ6 வீதியில் இனாமலுவைச் சந்தியில்தான் சீகிரியா வீதி பிரிகிறது. அந்தப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் ஒரு 1098 மைனர் முன்பக்கம் திறந்து கிடந்தது. சொந்தக்காரர் மாத்தளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர். பலகடுவ ஏற்றத்தில் இழுவை குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்னால் கரகரவென்று சத்தம் என்பது அவருடைய முறைப்பாடு.

கராஜ் பாஸ் பழைய செயினைக் கழற்றித் துடைத்து, அதைப் படுக்கை வாட்டமாக, பிளேட்டுகள் மேலும் கீழும் இருக்கும்படி பிடித்துக் காட்டினார். நல்ல செயின் அப்படிப் பிடித்தால் ஏறக்குறைய நேராக நிற்கும். இது வில்லாக வளைந்து தொங்கியது.

"பாத்தீங்களா சேர், இரும்பு இழுபடல்ல. உள்ளுக்குப் பின்னும் புஷ்ஷும் தேஞ்சி போச்சி."

செயின் இழுபட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்வோம். பாஸ் சொன்னதே சரி. அந்தத் தேய்மானத்தால் கேம் ஷாஃப்ட் பிந்துகிறது. வால்வுகள் பிந்தித் திறக்கின்றன. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரையும் கேம் ஷாஃப்டே ஓட்டுவதால் தீப்பொறியும் சேர்ந்து பிந்துகிறது. ஏற்றத்தில் இழுக்காததற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

"சிங்கிள் போடவா, டபிள் போடவா சேர்?"

மைனரோடு வந்தது சிங்கிள் செயின். அதன் கேம் சக்கரத்தில் பற்களுக்கு இருபுறமும் ரப்பர் வளையங்கள் இருக்கும். செயின் ஆடாமல் தாங்கிப் பிடிப்பது அவற்றின் வேலை. வருடக்கணக்காகச் சூடான ஒயிலில் கிடந்து அவை இறுகிப்போகும், துண்டு துண்டாக உதிரும். பிறகுதான் கரகரப்பு. டபிள் செயின், 1963ல் வந்த மினி கூப்பர் எஸ் போன்ற வேகக் கார்களின் சொத்து. இரண்டு வரிசை என்றால் உராயும் பரப்பும் இரட்டிப்பு. 1880ல் ரெனோல்ட் போட்ட அதே கணக்குத்தான், இன்னொரு முறை போட்டது.

ஆனால் வரிசையை எண்ணுவது சுலபம். செயினில் முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் மேலே கடினமாக்கிய ஒரு தோல் உண்டு. அது இருக்கும்வரை தேய்மானம் மெதுவாகப் போகும். அது போய்விட்டால் மீதி மளமளவென்று தேயும். அந்தத் தோல் உண்டாவது இரும்பின் மேற்பரப்பில் கரி ஏறுவதால்.

கரியும் இரும்பும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சீகிரியாவுக்கு வருகிறவர்கள் குன்றில் ஏறிக் காசியப்பனின் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவன் ஆண்டது கி.பி. 477 முதல் 495 வரை. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, கிரி ஓயாப் பள்ளத்தாக்கில், அலகொலவெவ அருகே தெஹிகஹ-அல-கந்தவில் பெரிய அளவில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது உலைகளும் கசடும் வெளிவந்தன. மரக்கரிக்குள் இரும்பு எப்படி மாறும் என்று அந்த உலைக்காரர்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரிந்திருக்கும். அவர்கள் உலை எரித்த ஊருக்குப் பக்கத்தில், கரி சரியாக ஏறாத மலிவுச் செயினை ஒருவர் காசு கொடுத்து வாங்குவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் சிங்கிளும் கிடைக்கும், டபிளும் கிடைக்கும், பெயர் தெரியாத டப்பாவில் அரை விலைக்கும் கிடைக்கும். என்னைக் கேட்டால், அசல் வால்வு ஸ்பிரிங்கோடு ஓடும் சாதாரண மைனருக்கு நல்ல கம்பெனிச் சிங்கிள் தாராளம். மட்டமான டபிளைவிட அது எவ்வளவோ மேல். எதைப் போட்டாலும் சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் செயினும் அதே கதிக்குச் சீக்கிரம் வந்துவிடும். அதற்குப் பிறகு நேரத்துக்கு ஒயில் மாற்றுவதுதான் செயினின் ஆயுள். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நிற்க வேண்டியது அந்த ஒயில் படலம். அழுக்கு ஒயில் என்றால் அது அரத்தூள்.

ஆசிரியர் டபிள் என்றார். ரப்பர் வளையம் வைத்த நல்ல சக்கரம் தேடி அலைய அவருக்குப் பொறுமையில்லை. டபிள் சக்கரத்துக்கு ரப்பரும் வேண்டாம், கையில் இருந்ததும் நல்ல கம்பெனி செட். காரணம் நியாயம்தான்.

பாஸ் இரண்டு சக்கரத்தையும் வைத்து, பற்களின் முகத்தில் ஒரு நேர்த்தகட்டைச் சாத்திப் பார்த்தார். கொஞ்சம் முன்பின். கிராங்க் சக்கரத்தின் பின்னால் மெல்லிய ஷிம் போட்டுச் சரிசெய்தார். டபிள் செயின் அகலம் கூடியது. எஞ்சினின் முன் பிளேட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் இரண்டின் தலை அதில் உரசும். அந்த இரண்டையும் கழற்றி, பிளேட்டில் துளையின் வாயைச் சரிவாகக் குடைந்து, தலை உள்ளே அமிழும் ஸ்க்ரூ பூட்டினார். கடைசியாகச் சக்கரங்களின் புள்ளிக் குறி இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் செயினோடு சேர்த்துத் தள்ளினார்.

"கவர் மூட முந்தி ஒயில் சீல் ஒண்டும் வாங்கிட்டு வாங்க சேர். பழசு கல்லு மாதிரி இருக்கு."