வைஸ்ராய்க்குக் கட்டிய வீடுகள்

ரஜினியின் 'முத்து' படத்தில் ஜமீன் மாளிகையாக வருமே ஒரு வெள்ளைக் கட்டடம், அது மைசூரில் சாமுண்டி மலை அடிவாரத்தில் இருக்கிறது. பெயர் லலித மகால். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் அங்கே ஓர் இரவும், கபினி ஆற்றங்கரைக் காட்டு விடுதியில் இரண்டு இரவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டும் மைசூர் ராஜா வீட்டுச் சொத்துகளாக இருந்து ஹோட்டல் ஆனவை என்பது மட்டும்தான் போகும்போது எனக்குத் தெரியும். திரும்பி வந்து படித்ததில்தான், ராஜா இரண்டு இடத்திலும் வீடு கட்டியது பெரிய விருந்தாளிகளை மனதில் வைத்து என்று புரிந்தது.

முதலில் லலித மகால். 1897-ல் ஒரு கல்யாணத்தின்போது மைசூரின் பழைய மர அரண்மனை எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று நாம் பார்க்கும் அம்பா விலாஸைக் கட்டிக்கொடுத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் கைவைத்தவர்தான். 1912-ல் வேலை முடிந்தது. அவ்வளவு பெரிய அரண்மனை இருந்தும் வைஸ்ராய் தங்குவதற்கு என்று நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1921-ல் தனியாக ஒரு மாளிகை எழுப்பினார். பூஜையும் நியமமும் உள்ள ஆசாரமான வீட்டில் வெள்ளைக்கார துரைக்கு அவர் பழக்கப்படி விருந்து வைக்க முடியாது. துரையைச் சத்திரத்திலும் தங்க வைக்க முடியாது. பம்பாயிலிருந்து ஃப்ரிட்ச்லி என்ற கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் சாயலில் நடுவில் பெரிய கும்பம் வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

அங்கே பழைய கூண்டு லிஃப்ட் ஒன்று இருக்கிறது. என் மனைவி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பளிங்குப் படியில் நின்று நின்று ஏறினோம். யாருக்கு முழங்கால் வலி என்பது இங்கே அவசியமில்லை.

இரண்டாவது வீடு காரப்பூரில். மைசூருக்குத் தெற்கே, கபினிக் கரையில் இருக்கிற கிராமம். விடுதி வளாகத்துக்குள் மகாராஜா பங்களா, வைஸ்ராய் பங்களா என்று இரண்டு பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. வேட்டைக்கும், அதைவிட முக்கியமாக யானை பிடிப்பதைப் பார்ப்பதற்கும் வந்தவர்கள் தங்கிய இடம்.

கெட்டா என்பார்கள். ஒரு யானையை அல்ல, கூட்டத்தையே பிடிக்கும் முறை. ஹைதர் அலியே முயன்று தோற்றதாகச் சொல்லப்பட்ட இந்தக் காரியத்தை 1870-களில் சாண்டர்சன் என்ற ஆங்கிலேயர் சாமராஜநகர் பக்கம் செய்து காட்டினார். பிறகு கபினிக் கரையின் காகனகோட்டைக் காடு இதற்குப் பேர்பெற்றது. காட்டில் கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சுற்றி வளைக்க வேண்டும். தீ மூட்டி, தமுக்கடித்து, வேட்டுப் போட்டு, கூட்டம் கலையாமல் நாள் கணக்கில் காவல் இருக்க வேண்டும். கடைசி நாள் கூட்டத்தை ஆற்றுக்குள் விரட்டுவார்கள். மறுகரையில் மரத்தடுப்புப் பட்டி தயாராக இருக்கும். நீந்திக் கரையேறும் யானைகள் நேராக அதற்குள் போகும். கதவு விழும். அப்புறம் கும்கிகளை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுப் பிரிப்பார்கள். தாயையும் கன்றையும்கூட.

விருந்தாளிகள் இதை மேடையில் உட்கார்ந்து பார்த்தார்கள். சமஸ்தானத்தின் மிகப் பெரிய காட்சி அதுதான். பிடிபட்டவற்றில் சில கயிற்றுக் காயத்திலும் ஏக்கத்திலும் செத்தன. மற்றவை ஏலத்துக்குப் போயின. நம் ஊர்க் கோயில் யானைகளின் பரம்பரையைத் தோண்டினால் சிலது இந்தப் பட்டியில் போய் நிற்கலாம்.

சுற்றி வளைத்தவர்கள், தடம் பார்த்தவர்கள், கயிறு போட்டவர்கள் எல்லாம் பெரும்பாலும் குருபர்கள். ஜேனு குருபர் என்றால் தேன் எடுக்கும் குருபர். முதுமலையில் நாம் காட்டுநாயக்கர் என்கிறோமே, அதே மக்கள். அவர்கள் இல்லாமல் ஒரு யானைக்கும் கயிறு விழுந்திருக்காது.

காரப்பூரிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் வெளி உலகுக்குப் போனது. 1924-ல் அங்கே பிறந்த சாபு. மகாராஜாவின் யானைப் பாகர் ஒருவரின் மகன். அப்பா சீக்கிரமே போய்விட, பையன் அரண்மனை யானைக் கொட்டிலில் வளர்ந்தான். கிப்ளிங் கதையைப் படமாக்க ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி மைசூர் வந்தபோது, படக்குழுவின் கண்ணில் பட்டான். 1937-ல் 'எலிஃபென்ட் பாய்' வெளியானது. பிறகு லண்டன், ஹாலிவுட், 'தீஃப் ஆஃப் பாக்தாத்', 'ஜங்கிள் புக்'. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் பின்பக்கத் துப்பாக்கி வீரர். 1963-ல், நாற்பது வயது நிறையுமுன் இறந்தார். சின்ன வயதில் 'ஜங்கிள் புக்' பார்த்தபோது அந்தப் பையன் மைசூர்க்காரன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

1971-ல் இரண்டு முடிவுகள் வந்தன. காகனகோட்டையில் கடைசி கெட்டா அந்த ஆண்டுதான். அதே ஆண்டு 26-வது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்ச ரூபாய் வந்துகொண்டிருந்தது. 1974-ல் லலித மகால் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் கடைசி மகாராஜா ஜயசாமராஜ உடையார் காலமானார். கபினி அணையும் 1974-தான். காட்டின் ஒரு பகுதியும், கெட்டா நடந்த இடங்களும், சில கிராமங்களும் தண்ணீருக்குள் போயின.

காரப்பூர் விடுதியை நடத்துவது 1980-ல் கர்நாடக அரசு தொடங்கிய நிறுவனம். அதற்கு முகமாக இருந்தவர் கர்னல் ஜான் வேக்ஃபீல்ட் என்ற பழைய வேட்டைக்காரர். துப்பாக்கியை வைத்துவிட்டு வந்தவர்களுக்குக் காட்டைக் காட்டினார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மேடையில் உட்கார்ந்து யானை பிடிப்பதை ரசித்ததைவிட, ஜீப்பில் உட்கார்ந்து யானையை விட்டுவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

ஆனால் குருபர்களின் கதை வேறு. நாகரஹொளே பூங்கா ஆனபின் அவர்களில் பலர் காட்டுக்கு வெளியே குடியேற்றப்பட்டார்கள். தேன் எடுக்கப் போனால் குற்றம். இந்த நிலையில் 1990-களில் அதே பூங்காவுக்குள் உல்லாச விடுதி நடத்த ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்துக்கு மாநில அரசு குத்தகை கொடுத்தது. எங்களுக்குக் கூடாத காட்டில் ஹோட்டல் எப்படிக் கூடும் என்று ஆதிவாசிகள் போராடினார்கள், வழக்கும் போட்டார்கள். வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி பெறாத குத்தகை செல்லாது என்று 1997-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விடுதி திறக்கவே இல்லை. மைசூர்க் காட்டில் விருந்தாளிக்குக் கட்டிய வீடு ஒன்று விருந்தாளியைக் காணாமலே நின்றது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அது ஹோட்டலை நிறுத்தியதே தவிர, வெளியே போனவர்களைத் திரும்ப உள்ளே அழைத்து வரவில்லை.

கோடையில் அணை நீர் வற்றும்போது, தரை தெரிகிற இடத்தில் புல் முளைக்கிறது. அதை மேய நூற்றுக்கணக்கில் யானைகள் வருகின்றன. நாங்கள் போனது ஏப்ரலில். படகில் போகும்போது ஒரு கூட்டம் கன்றுகளை நடுவில் விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. கெட்டா நடந்த இடம் எது என்று அரைகுறைக் கன்னடத்தில் படகோட்டியிடம் கேட்டேன். நல்ல தமிழில் பதில் வந்தது. "நாம இப்ப அதுக்கு மேலதான் சார் இருக்கோம். எங்க தாத்தா இங்க கயிறு போட்டவரு."

விடுதிக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம், பஸ்ஸில் வந்து போகிறாராம்.