வித்தை யாருக்குச் சொந்தம்?

1942 ஜனவரி. ஜப்பானியப் படை சைக்கிளில் ஜொகூருக்குள் இறங்கியது. ரப்பர் தோட்டத்து மக்கள் துப்பாக்கிகளைத்தான் பார்த்தார்கள். படைக்கு முன்னும் பின்னும் ஒற்றர் வேலை பார்த்தவர்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. மேஜர் புஜிவாராவின் உளவுக் குழு அது. பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில், சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை மோகன் சிங் பக்கம் திருப்பியதும் இதே புஜிவாராதான்.

அந்தக் குழுவின் இளம் அதிகாரிகள் பலர் தோக்கியோவின் நாகானோ உளவுப் பள்ளியில் படித்தவர்கள். அங்கே நிஞ்ஜா கலை பற்றிப் பாடம் நடத்தியவர் புஜிதா செய்கோ. தம்மைக் கோகா மரபின் 14ஆம் தலைவர் என்று சொல்லிக்கொண்டவர்.

நிஞ்ஜா என்றதும் கறுப்பு உடையும் நட்சத்திர வடிவக் கத்தியும்தானே நம் நினைவுக்கு வருகின்றன? அது சினிமா. உண்மையில் நிஞ்சுட்சு என்பது வேவு பார்ப்பது, மறைவது, செய்தியோடு உயிரோடு திரும்புவது. இகா, கோகா என்ற மலைப்பகுதிகளில் வளர்ந்த வித்தை. 1581ல் ஒடா நோபுநாகாவின் படை இகாவைச் சூறையாடியது. பிறகு நாட்டில் நீண்ட அமைதி வந்தது. வித்தைக்கு வேலை குறைந்தது. 1676ல் அதைப் பெரிய நூலாகத் தொகுத்து வைத்தார்கள். ஏட்டில் இருந்தால் போதுமா? கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா?

புஜிதாவின் கதை அதற்குப் பதில் சொல்கிறது. 1966ல் அவர் காலமானார். வாரிசு என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. அவர் சேர்த்த பழைய சுவடிகள் மிஞ்சின. அவர் உடம்பில் இருந்த வித்தை அவரோடு போயிற்று.

அதே காலத்தில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. நோடா என்ற ஊரில் 1931ல் பிறந்த மசாக்கி ஹட்சுமி, கராத்தே, ஜூடோ எல்லாம் கற்றவர். எலும்பு முறிவு வைத்தியர். அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்தபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தாம் ஆண்டுக்கணக்கில் கற்றதை, ஆஜானுபாகுவான அவர்கள் சில மாதங்களில் பிடித்துக்கொண்டார்களே! பலசாலிதான் ஜெயிப்பான் என்றால் வித்தை எதற்கு?

1950களின் கடைசியில் நாரா மாநிலம் காஷிஹாராவில் தகாமட்சு என்ற முதியவரைத் தேடிப் போனார். ரயிலில் 400 கிலோமீட்டருக்கு மேல். புல்லட் ரயில் 1964ல்தான் ஓடத் தொடங்கியது. அதுவரை இரவு முழுக்கப் பயணம். வாரம் முழுதும் வைத்தியம், விடுமுறையில் குருவின் வீடு. இப்படிச் சுமார் 15 ஆண்டுகள்! 1972ல் தகாமட்சு மறைந்தார். அவர் ஒப்படைத்த ஒன்பது மரபுகளையும் சேர்த்து புஜின்கான் என்ற பள்ளியை வளர்த்தார் ஹட்சுமி. அந்த மரபுகளின் தொன்மையைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் பயிற்சியை யாரும் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஐந்தாம் படித் தேர்வில் மாணவன் கண்மூடி உட்கார வேண்டும். பின்னாலிருந்து பயிற்சி வாள் இறங்கும். உணர்ந்து விலக வேண்டும். வெளிநாட்டாருக்கும் கதவைத் திறந்தார். 2019 முதல் ஒரே வாரிசு என்ற வழக்கத்தையும் மாற்றி, மரபுகளைப் பல சீடர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

இருவரும் வித்தைக்காரர்கள்தான். ஒருவரோடு வித்தை முடிந்தது. இன்னொருவரிடமிருந்து உலகம் முழுக்கப் போனது. எங்கே வித்தியாசம்? ஒரு சீடன் ரயிலேறி வந்தான். ஒரு குரு கதவைத் திறந்தார். இரண்டும் நடந்தால்தான் பள்ளி.

இப்போது நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். குளுவாங், சிகாமட் தோட்டங்களில் லயத்து வாசலில் சிலம்பம் சுழன்ற காலம் உண்டு. பகலில் பால்மரம் வெட்டியவர், சாயங்காலம் ஆசான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். ஆசான்களும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனார்கள். கம்பு கதவு மூலையில் நிற்கிறது.

சங்கங்களும் போட்டிகளும் சிலம்பத்தை ஓரளவு காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் ஆசானுக்கும் தனி அடிவரிசை, தனிக் காலடி உண்டு. அது போட்டி விதிகளில் எழுதப்படாது. கேட்டு வாங்க ஆள் வந்தால்தான் உண்டு.

ஹட்சுமிக்கு ஓர் இரவு ரயில் தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மாடி ஏறினால் போதும்.