கூடைப்பந்தும் ஒரு வீதியும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயில், பள்ளிவாசல், குடிவழமை, கூத்து என்பன பற்றி நிறையவே எழுதியுள்ளனர். விளையாட்டணிகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் ஓர் அணியின் கதைக்குள் ஊரின் கதை முழுவதும் அடங்கிவிடுவதுண்டு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணி அவ்வாறானதொன்று.

1873இல் தொடங்கிய கல்லூரி அது. அதனை நடத்தி வந்த இயேசு சபையினர் முதலில் பிரான்ஸ் தேசத்தவர்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிவடைந்த காலந்தொட்டு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணச் சபையினர் இங்கு வந்து சேர்ந்தனர். அமெரிக்கர் என்றதும் நினைவுக்கு வரும் விளையாட்டு பேஸ்போல். அந்நாட்டின் சிற்றூர்களிலே பெருங்கழகங்கள் எதற்கும் கட்டுப்படாமல், உள்ளூர் இரசிகர்களின் ஆதரவிலேயே காலந்தள்ளும் பேஸ்போல் அணிகள் இன்றும் உண்டு. ஆனால் அந்த விளையாட்டு இங்கு வேரூன்றவில்லை. அதற்கு விசாலமான மைதானமும் விலைகூடிய கையுறைகளும் தேவை. அதன் உறவுக்காரன் போன்ற எல்லேதான் எமது பாடசாலைகளில் இன்றுவரை நிலைத்திருக்கின்றது.

வேரூன்றியது கூடைப்பந்து. 1891இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் மண்டபத்தினுள்ளே விளையாடுவதற்காக உருவாக்கிய ஆட்டம் இது. பழக்கூடைகளை மாட்டி விளையாடியதால் இப்பெயர் வந்தது. சிறியதோர் தளம், இரண்டு வளையங்கள், ஒரு பந்து, பக்கத்துக்கு ஐவர். வசதி குறைந்த ஊருக்கு இது போதும்.

1948இல் இலங்கை வந்த யூஜின் ஹேபியர் அடிகளார் லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இவரே இவ்வணியை வளர்த்தெடுத்த பயிற்றுநர். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கும் அப்பால், இரவு ரயிலில் ஏறிப் போய் விளையாட வேண்டிய பிள்ளைகள் தலைநகரப் பாடசாலைகளுக்குச் சவாலாக நின்றனர். அவரது சகபாடியான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது.

இங்கு மனங்கொள்ள வேண்டிய விடயமொன்றுண்டு. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் நகரப் பாடசாலைகளில் ஒரே வாங்கிலிருந்து படித்த காலம் அது. கூடைப்பந்தில் தனியொருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது; ஒன்றில் தட்ட வேண்டும், அல்லது மற்றவனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பவன் வாங்குபவனின் ஊரைக் கேட்பதில்லை.

1990 அந்தக் காலத்தை முடித்து வைத்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 11ஆம் திகதி நள்ளிரவில் ஏறாவூரில் குழந்தைகள், பெண்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பழிக்குப் பழியாக வீதிகளில் தமிழர்களும் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரில் 158 பேரை இராணுவம் கொண்டு சென்றது. அவர்கள் திரும்பவில்லை.

இவற்றுக்கிடையில், ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையில் இருந்த கன்னியர்களுக்கு உதவச் சென்றிருந்த ஹேபியர் அடிகளார், தமிழ் இளைஞர் ஒருவருடன் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். அவருக்கு வயது 66. சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வருகின்ற வீதி அது. இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. ஏறாவூரை அண்டிய பகுதியிலேயே அவர்கள் காணாமற் போயினர் எனக் கருதப்படுகின்றது.

இதனை ஒரு முஸ்லிம் சஞ்சிகையில் எழுதுவது எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காக அல்ல. நாம் ஒவ்வொருவரும் எமது மையித்துகளை எண்ணி வைத்திருக்கிறோம். காத்தான்குடிச் சுவர்களிலுள்ள சன்னத் துளைகளைப் பேணுகிறோம், அது நியாயமானது. தமிழ் ஊர்களும் தத்தம் நினைவுத்தூண்களை எழுப்பியுள்ளன. ஹேபியர் அடிகளாரோ இந்த இரு பட்டியல்களிலும் இல்லாதவர். எமது பிள்ளைகளுக்குப் பந்து கொடுக்கப் பழக்கிய ஒருவர் எமது வீதியிலேயே காணாமற் போனதை யார் எழுதுவது?

அவருடைய சபைத் தோழர் பென் மில்லர் அடிகளார், காணாமற் போனோரின் விபரங்களைப் பதிந்து, தாய்மாருக்காகப் பேசி, 2019 புத்தாண்டு நாளன்று மட்டக்களப்பிலேயே காலமானார். அவர் பதிந்ததில் இனம் பார்க்கவில்லை.

களுதாவளையில் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே படிப்பிக்கின்ற எனக்கு, வரலாற்றுப் பாடம் நடத்தும்போது இதுவே சங்கடம். மாணவர்களுக்குப் பொலநறுவை தெரியும். இருபத்தைந்து மைல் தொலைவிலுள்ள ஏறாவூரில் 1990இல் நடந்தது தெரியாது. அங்குள்ள மாணவர்களுக்கும் எம்பக்கத்து இழப்புகள் தெரியாது. அன்று அந்தத் தளத்தில் விளையாடியோர் இன்று முதியவர்களாகிவிட்டனர். அவர்களுடைய நினைவுகளை, தமிழர் நினைவையும் முஸ்லிம் நினைவையும் ஒரே புத்தகத்தில், இப்போதே திரட்டியாக வேண்டும். அணியின் வெற்றி தோல்விகளுடன் அந்த வீதியும் அதில் இடம்பெற வேண்டும்.